ஏழாம் நம்பரும் பிரஷரக்காவும்

நான் பார்த்த மனிதர்களிலேயே, ஒரு துப்பாக்கியைக் கையில் எடுத்து, "ஏனுங் கண்ணு, என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர் பிரஷரக்கா ஒருவர்தான். பதில் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் ரொம்ப நேரம் காதை வைத்துக் கேட்பார். பிறகு, "அப்படியா சங்கதி" என்று தலையை ஆட்டிக்கொள்வார். பக்கத்தில் நிற்கிற நமக்குத்தான் உடம்பு சிலிர்க்கும்.

பயப்பட வேண்டாம். ஆளைக் கொல்லும் துப்பாக்கி இல்லை. சாய உருண்டையைக் காற்றழுத்தத்தில் துப்பும் விளையாட்டுத் துப்பாக்கி. பெயிண்ட்பால் என்பார்கள். ஐ.டி. கம்பெனிகளில் ஒருவரை ஒருவர் முகத்துக்கு நேரே திட்ட முடியாதவர்கள், வருடத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து, மானேஜரைத் தேடித் தேடிச் சுட்டுவிட்டு, அன்பாக மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் போவார்கள். அதற்கு 'டீம் பில்டிங்' என்று பெயர்.

அப்படி ஒரு விளையாட்டுத் திடலை, தொண்டாமுத்தூர் போகிற வழியில் கார்த்தி என்ற இளைஞர் நடத்திவந்தார். அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு. பாதி மரங்களுக்கு நோய் விழுந்து காய்ப்பு நின்றுவிட்டது. காய்க்காத மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவதைவிட, அதன் பின்னால் ஒளிந்து சுட்டுக்கொள்ள ஆள் சேர்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. பழைய லாரி டயர்களையும் தார் டிரம்களையும் அங்கங்கே உருட்டிப் போட்டார். போர்க்களம் தயார். அங்கே நான் மானேஜர். போனை எடுப்பது, பாதுகாப்பு விதிகளைச் சொல்வது, முகக்கவசத்தில் ஒட்டிய சாயத்தைக் கழுவுவது மூன்றுமே மானேஜர் வேலைதான்.

வாடிக்கையாளர்கள் மிரளக் கூடாது என்பதற்காகத் துப்பாக்கி என்ற சொல்லையே கார்த்தி தடைசெய்திருந்தார். 'மார்க்கர்' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் போனில் வருகிற விசாரணைகள் இப்படி இருக்கும்: "ஏனுங்க, ஆளுக்கு ஒரு மார்க்கர் தருவோமுன்னு போட்டிருக்குதே, அது போர்டுல எழுதற மார்க்கருங்களா?"

பிரஷரக்காவுக்கு இரண்டு பெயருமே பிடிக்கவில்லை. "துப்பாக்கியுமில்ல, மார்க்கருமில்ல. இது பம்புங்க. தண்ணிக்குப் பதுலா உண்டையத் தள்ளுது, அவ்வளவுதான்" என்பார். கோயமுத்தூரில் பிறந்து, பம்பு ஃபவுண்டரிகளுக்கு நடுவே கணபதியில் வளர்ந்த ஒருவருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே ஏதோ ஒருவகையில் பம்புதான். மனித இதயத்தை டாக்டர்கள் பம்பு என்று ஒத்துக்கொண்டுவிட்டதில் அவருக்குத் தனிப்பட்ட பெருமை உண்டு.

முதலில் அவர் எங்களிடம் வந்தது கம்ப்ரசர் ரிப்பேருக்கு. மார்க்கர்களின் சின்ன சிலிண்டர்களில் காற்று நிரப்பும் மிஷின் ஒருநாள் இருமிவிட்டு நின்றுபோனது. கார்த்தி யார் யாரிடமோ விசாரித்தார். எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அந்தத் தயக்கத்தின் அர்த்தம் எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

மொபெட்டில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கலாம். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை, கொண்டையில் மல்லிகைப் பூ, பூவுக்குப் பக்கத்தில் ஒரு கொண்டை ஊசி. ரப்பர் வளையத்தைக் கிளப்பவும், அடைப்பைக் குத்தவும், தலை சொறியவும் அந்த ஒரே ஊசிதான். இறங்கியதும் கம்ப்ரசரைப் பார்க்கவில்லை. கார்த்தியை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, ராத்திரி சரியாத் தூங்கறதில்லையா?"

"இல்லீங்க்கா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"கழுத்துல நரம்பு தெரியுது. உள்ள பிரஷர் ஏறிக் கெடக்குது. மொதல்ல ஒரு சம்சாரத்தக் கட்டுங்க. இல்லாட்டி இருக்கறதக் கழட்டி உடுங்க."

பட்டப்பெயருக்குக் காரணம் இதுதான். ரத்தக்கொதிப்பு இருப்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நான் ஒருநாள் டீயில் சர்க்கரையைக் குறைத்துக் கொடுத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சக்கரைக்கும் பிரஷருக்கும் வித்தியாசம் தெரியாத மானேஜரு. எனக்குப் பிரஷரெல்லாம் கெடையாது கண்ணு. நான் மத்தவிங்களுக்கு வரவெப்பேன்."

அடக்கம் என்ற பொருள் அவர் கைப்பையில் எந்த அறையிலும் கிடையாது. "என்னைய மாதிரி வேலை தெரிஞ்ச ஆளு இந்த ஜில்லாவுலயே இல்லீங்க. ஆராச்சும் இருந்தாச் சொல்லுங்க, நேர்ல போயி அவிங்க தப்பக் காட்டிப்போட்டு வாரேன்" என்பார். தன் தப்பு என்று ஒன்றை அவர் ஒத்துக்கொண்டதாக வரலாறு இல்லை. எங்கள் கம்ப்ரசரில் ஒரு குழாயை அவர் தலைகீழாக மாட்டிவிட்டபோது, மிஷினைத்தான் கம்பெனிக்காரன் தலைகீழாகச் செய்துவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு கம்ப்ரசரையே திருப்பி வைத்தார். அது ஓடியது. கம்பெனிக்காரன் மேல் எங்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கம்ப்ரசர் சரியானது. ஆனால் அக்கா கிளம்பவில்லை. சுவரில் வரிசையாகத் தொங்கிய மார்க்கர்களைப் பார்த்துவிட்டார். அதில் ஏழாம் நம்பர் நாங்கள் செத்துப்போனதாக ஒதுக்கி வைத்திருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் அது உயிர் பிழைத்துச் சுட்டது. அன்றிலிருந்து ஏழாம் நம்பர் அவர் பிள்ளை. மற்ற மார்க்கர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்.

அதன்பிறகு தினமும் காலையில் மொபெட் வந்துவிடும். எல்லா மார்க்கர்களையும் துடைத்து, வேகம் பார்த்து, ஒழுங்குபண்ணிவிட்டு வெயில் ஏறுவதற்குள் மற்ற ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிளம்பிப் போவார். மார்க்கருக்குள் முன்னும் பின்னும் ஓடுகிற கம்பிக்கும் ரப்பர் வளையங்களுக்கும் போடவென்று வெளிநாட்டுக் கிரீஸ் ஒரு குழாயில் இருந்தது. மற்றதுக்கெல்லாம் அது. ஏழாம் நம்பருக்கு மட்டும் எங்கள் தோப்புத் தேங்காயில் செக்கில் ஆட்டிய எண்ணெய். சின்னப் பாட்டிலில் போட்டு இடுப்பில் செருகிக் கொண்டுவருவார்.

"ஏனுங்க்கா இதுக்கு மட்டும்?" என்றேன்.

"அந்தச் சீமைக் கிரீசு பொணநாத்தம் நாறுது. பச்சப்புள்ளைக்கு ஆராச்சும் அதப் பூசுவாங்களா?"

சித்திரையிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஏழாம் நம்பர் மாதிரி ஒரு மார்க்கர் இல்லை. வேகம் பார்க்க ஒரு மீட்டர் வைத்திருந்தோம். அதற்கு முன்னால் சுட்டால், உருண்டை விநாடிக்கு எத்தனை அடி பறக்கிறது என்று எண் காட்டும். இருநூற்று எண்பதைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் விதி. தாண்டினால் உடம்பில் பட்ட இடம் கன்றிப்போகும். ஏழாம் நம்பர் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே, அடக்கமான மருமகளைப் போல நின்றது.

கார்த்திகை பிறந்தது. மலைப் பக்கமிருந்து காலையில் குளிர் ஊதத் தொடங்கியது. ஏழாம் நம்பருக்குப் புத்தி பேதலித்தது.

முதல் உருண்டை சோம்பலாகப் போய்ப் பாதி வழியில் விழும். அடுத்தது கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது சுமார். அதற்கடுத்தது திடீரென்று சீறிக்கொண்டு போகும். மீட்டரில் எண்கள் தக்காளி விலையைப் போல ஏறும், இறங்கும். அக்காவின் முகம் சிறுத்துப்போனது.

முதலில் உருண்டைகள் மேல் பழி விழுந்தது. ஈரத்தில் அவை ஊதிப்போய்க் குழாயில் இறுகுகின்றன என்றார். அதில் ஓரளவு நியாயம் இருந்தது. வைத்தியத்தில்தான் இல்லை. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று உருண்டைகளையெல்லாம் அரிசி டிரம்மில் புதைத்து வைத்தார். அந்த வாரம் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் வெள்ளையாக மாவுப்புகை கிளம்பியது. வாடிக்கையாளர்கள் அதை ஸ்பெஷல் எஃபெக்ட் என்று நினைத்துக் கைதட்டினார்கள். குழாய்க்குள் மாவு அப்பிக்கொண்டு வேகம் இன்னும் தாறுமாறானது.

அடுத்தது சிலிண்டர். நான்காம் நம்பரின் சிலிண்டரைக் கழற்றி ஏழுக்கு மாட்டினார். ஏழு அப்படியேதான் இருந்தது. ஏழின் சிலிண்டரை வாங்கிக்கொண்ட நாலு சமர்த்தாகச் சுட்டது. பிறகு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை மாற்றினார். ரப்பர் வளையங்களை மாற்றினார். சோப்புத் தண்ணீர் பூசி எங்காவது குமிழ் வருகிறதா என்று பார்த்தார். கசிவே இல்லை. வளையத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் புது வளையத்துக்குப் பாசத்தோடு எண்ணெய் பூசினார்.

இரும்பு ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்ததும் சந்தேகம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. மீட்டருக்கு முன்னால் நின்று சுட்டுக் காட்டுவது என் வேலை.

"தம்பி, நீங்க மூச்சு உடறது சரியில்ல."

"மூச்சுக்கும் வேகத்துக்கும் என்னங்க்கா சம்பந்தம்?"

"அது எனக்குத் தெரியும். நீங்க உடாம நில்லுங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். வேகம் மாறவில்லை. எனக்குத்தான் கண் இருட்டியது.

கடைசியில் அவர் கண்ட வழி எளிமையானது. மார்க்கரின் பின்பக்கம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு உண்டு. காலையில் வந்ததும் மீட்டரைப் பார்ப்பார். வேகம் குறைவாக இருந்தால் திருகை ஒரு சுற்று இறுக்குவார். எண் சரியாக வந்துவிடும். "இன்னிக்குத் தங்கமா நிக்குது" என்று முத்தம் கொடுத்து மாட்டிவிட்டுப் போவார். மறுநாள் குளிர் இன்னும் கூடியிருக்கும். இன்னும் ஒரு சுற்று. மத்தியானம் அது எப்படி நிற்கிறது என்று பார்க்க அவர் அங்கே இருந்ததில்லை. வாரநாள் மத்தியானங்களில் சுடவும் ஆள் வருவதில்லை.

இந்த நிலைமையில்தான், அந்த வாரக் கடைசியில், ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது.

பெண் நிவேதா, வெள்ளகோவில். மாப்பிள்ளை பிரவீன், கோயமுத்தூர். நிச்சயம் ஆகி, தை மாதம் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. இரண்டு குடும்பமும் கலகலப்பாகப் பழக வேண்டும், அதற்கு ஒரு நாள் எங்காவது சேர்ந்து விளையாட வேண்டும் என்பது நிவேதாவின் யோசனை. பெண் வீட்டார் ஓர் அணி, மாப்பிள்ளை வீட்டார் ஓர் அணி. இரண்டு சம்பந்தி வீட்டார் கையிலும் முகூர்த்தத்துக்கு முன்பே துப்பாக்கியைக் கொடுப்பது எவ்வளவு தூரம் புத்திசாலித்தனம் என்று கார்த்தியோ நானோ யோசிக்கவில்லை. பெரிய கூட்டம் என்பதால் அன்று மட்டும் நாள் முழுக்க இருப்பதாக அக்கா ஒத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டுப் படைக்குத் தளபதி பிரவீனின் தாய்மாமன். பல்லடம் பக்கம் நூல்மில் வைத்திருப்பவர். நீங்கள் இந்தப் பக்கத்துக் கல்யாணம் பார்த்திருந்தால் தெரியும், மாப்பிள்ளை இல்லாமல்கூட அரைமணி நேரம் சமாளிக்கலாம், தாய்மாமன் இல்லாமல் ஒரு தேங்காய்கூட உடையாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். விதிப்படி எல்லோரும் முழு உடுப்பு மாட்ட வேண்டும் என்றேன்.

"வேட்டியக் கழட்டச் சொல்றீங்களா?"

"இல்லீங்க, மேல மாட்டிக்கலாமுங்க."

வேட்டியை இடுப்பில் சுருட்டி, அதன்மேல் உடுப்பை ஏற்றி ஜிப்பை இழுத்தார். இடுப்பைச் சுற்றி லாரி டயரை மாட்டியது மாதிரி இருந்தது. அந்தக் கோலத்திலும் கம்பீரம் குறையவில்லை.

காலையில் அக்கா எல்லா மார்க்கர்களுக்கும் வேகம் பார்த்தார். ஏழாம் நம்பருக்கு எண்ணெய் போட, பாட்டிலுக்குள் கொண்டை ஊசியை விட்டுக் கொஞ்சம் தோண்டி எடுத்தார். பூசினார். திருகை இறுக்கினார். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டியது. "இத அந்தப் பொண்ணு கையில குடுங்க கண்ணு. ராசியான பம்பு" என்று என்னிடம் தந்தார். கொடுத்தேன்.

பலகாரம், அறிமுகம், குடும்பப் போட்டோ எல்லாம் முடிந்து ஆட்டம் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு எல்லோரும் தோப்புக்குள் இறங்கினார்கள். மாமா ஒளியவில்லை. டயர் குவியலுக்குப் பக்கத்தில் நின்று, மில்லில் ஷிஃப்ட் மாற்றுகிறவரைப் போல, "பிரவீனு, அக்கட்டப் போ! டேய், நீ இக்கட்ட வா!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். எதிரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டார்.

களத்தின் மறுகோடியில் ஒரு தார் டிரம்முக்குப் பின்னாலிருந்து நிவேதா எழுந்தாள். குறி பார்த்தாள். சுட்டாள்.

வழக்கமாகப் 'பொத்' என்று ஒரு சத்தம் வரும். அன்று 'பளார்' என்று வந்தது. மாமாவின் தொடைக்குப் பின்புறம், வேட்டிச் சுருட்டலின் பாதுகாப்பு முடிகிற இடத்தில், குண்டு வெடித்தது. அவர் எழுப்பிய சத்தத்தில் தோப்பிலிருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. நான் விசிலை ஊதினேன். ஆட்டம் நின்றது.

வெளியே கூட்டிவந்து, மறைவில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டியிருந்தது. நாற்காலி போட்டோம். உட்காரப் போனவர் துள்ளி எழுந்தார். நின்றுகொண்டே பேசத் தொடங்கினார்.

"என்ற அக்கா பையனுக்குப் பொண்ணெடுக்க வந்தா, பொண்ணு என்னையவே சுட்டுப்போடுச்சு! அதும் பக்கத்துல வந்து, முதுகுக்குப் பின்னாடி நின்னு!"

"இல்லீங் மாமா, நான் அங்க டிரம்முகிட்டத்தான் நின்னேன்" என்றாள் நிவேதா.

"அங்கிருந்து சுட்டா இந்த அடி உளுகுமா? நான் என்ன பச்சப்புள்ளையா?"

நிவேதாவின் அப்பா கைகூப்பிக்கொண்டு நின்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பிரவீன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"மாமா, அவ டிரம்முகிட்டத்தானுங்க நின்னா. நான் பாத்தேன்."

மாமா மெல்லத் திரும்பினார். "எதிரி அங்க நிக்கறதப் பாத்தியா?"

"பாத்தனுங்க."

"பொறவு ஏன்டா சுடல?"

பிரவீன் மறுபடி ஷூவுக்குத் திரும்பிவிட்டார். வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்போம். மாமா சிரிக்கவில்லை. "தையில கல்யாணமுன்னு சொல்லிக்கிட்டிருந்தோம். இருக்கட்டும். பேசிக்கலாம்" என்றார்.

எங்கள் ஊரில் 'முடியாது' என்று யாரும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல மாட்டார்கள். 'பேசிக்கலாம்' என்பார்கள். அந்த ஒரு சொல்லில் எத்தனையோ கல்யாணம் நின்றுபோயிருக்கிறது. நிவேதா முகக்கவசத்தைக் கழற்றாமலே அழுதுகொண்டிருந்தாள். உள்ளே கண்ணாடியில் ஆவி படிந்து முகமே தெரியவில்லை.

பிரவீனின் அம்மா, "கொஞ்சம் தேங்காயெண்ணெய் இருந்தாக் குடுங்க. தடவி உடலாம்" என்றார். இத்தனை பெரிய தென்னந்தோப்பில் எண்ணெய் இருந்தது ஒரே ஓர் ஆளிடம்தான். பிரஷரக்கா முன்னால் வந்தார். இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்தார். காலைப் பழக்கத்தில், நன்றாகக் கவிழ்த்துத் தட்டினார்.

எண்ணெய் தண்ணீராகக் கொட்டியது. உள்ளங்கை நிறைந்து, விரலிடுக்கில் வழிந்து, மண்ணில் சொட்டியது. அக்கா கையைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த ஏழாம் நம்பரைப் பார்த்தார்.

நேரே மேசைக்குப் போனார். மீட்டருக்கு முன்னால் நின்று ஏழாம் நம்பரால் ஒரு குண்டு சுட்டார். விதியை ரொம்ப தூரம் தாண்டி எண் காட்டியது. எனக்கும் அப்போது புரிந்துவிட்டது. காலைக் குளிரில் உறைந்த எண்ணெயோடு மல்லுக்கட்டுகிற மார்க்கரை, வேகம் போதவில்லை என்று திருகி இறுக்கியிருக்கிறார். வெயிலில் எண்ணெய் இளகிவிட்டது. இறுக்கிய திருகு இறுக்கியபடியே இருந்தது.

கார்த்திக்கும் புரிந்தது. அவர் அக்காவின் காதில் கிசுகிசுத்தார். "அக்கா, வாயத் தெறக்காதீங்க. கேசு கீசுன்னு போனா நம்ம கதை முடிஞ்சுரும். விளையாட்டுன்னா அடி படத்தான் செய்யும்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம்."

அக்கா அவரை ஒதுக்கிவிட்டு மாமாவின் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள மேல ஒரு தப்புமில்லீங்க. அது தூரத்துல இருந்துதான் சுட்டுச்சு. பம்பு எச்சா வெசையில தள்ளிப்போடுச்சு."

"பம்பா? எந்தப் பம்பு?"

"இந்த ஏழாம் நம்பருங்க. இந்த வருசம் குளுரு சாஸ்தி. எண்ணெய் உறைஞ்சு போயி..." பழக்க தோஷத்தில் பழியைக் குளிரின் மேல் போடத் தொடங்கியவர், நிவேதாவைப் பார்த்தார். நிறுத்தினார். "குளுரு மேலயும் எண்ணெய் மேலயும் ஒண்ணுமில்லீங்க. போட்டவ நானு. தப்பு என்னுதுங்க."

நானும் கார்த்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜில்லாவிலேயே நிகரில்லாத ஆள், இத்தனை பேர் முன்னால், கையில் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்தார்.

மாமா லேசில் நம்புகிறவர் இல்லை. "பொண்ணு ஊட்டுக்காரங்க சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆரும் சொல்லிக் குடுத்து நான் பேசறவ இல்லீங்க. உங்க கண்ணு முன்னால காட்டறேன். பாத்துப்போட்டுப் பொறவு பேசிக்குங்க."

சர்பத்துக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டியைத் திறந்தோம். ஏழாம் நம்பரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அதற்குள் இறக்கினார் அக்கா. கூடவே நான்காம் நம்பரையும் இறக்கினார். சிலிண்டர்களைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். "காத்துக் குளுந்துபோயி வெசை கொறைஞ்சிருச்சுன்னு பொறவு ஆரும் சொல்லக் கூடாது" என்றார். மாமாவின் புருவம் லேசாக ஏறியது. மில்காரர் அல்லவா, நியாயமான சோதனை எது என்று அவருக்குத் தெரியும்.

காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடு போட்டோம். மாமா நின்றுகொண்டே சாப்பிட்டார். மரியாதைக்காக மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். அதைப் பார்த்துப் பெண் வீட்டாரும் எழுந்துவிட்டார்கள்.

ஐஸிலிருந்து நான்காம் நம்பரை எடுத்துச் சுட்டார் அக்கா. வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஏழாம் நம்பரை எடுத்தார். சுட்டார். உருண்டை சோம்பேறித்தனமாகப் போய் விழுந்தது. மீட்டரைப் படித்தபோது எனக்கே பரிதாபமாக இருந்தது. பிறகு இரண்டையும் வெயிலில் வைத்தார். இளஞ்சூடு ஏறியதும் மறுபடி சுட்டார். நாலு தன் பழைய இடத்தில் நின்றது. ஏழு சீறியது. எண் கோட்டைத் தாண்டி எங்கோ போனது.

மாமா மீட்டருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "இன்னொரு வாட்டி சுடுங்க."

சுட்டார்.

"மறுபடியும் ஐஸ்ல வெய்யுங்க, பாக்கலாம்."

வைத்தார். நாற்காலியில் உட்கார முடியாத அந்த மனிதர் முட்டி போட்டு மீட்டரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தன் மில்லில் காலை ஷிஃப்டில் மட்டும் நூல் அறுந்துகொண்டிருந்த கதையை அக்காவுக்குச் சொன்னார். அக்கா உடனே அது பிரஷர் கோளாறு என்றார். மாமா இல்லை, ஈரப்பதம் என்றார். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். கல்யாணத்தைப் பற்றி எல்லோருக்கும் மறந்துவிட்டது. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் மறக்கவில்லை. அவர் இன்னும் கைகூப்பியபடியே நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் மாமா எழுந்தார். நிவேதாவைக் கூப்பிட்டார்.

"அம்மணி, அந்த டிரம்முகிட்ட இருந்தா சுட்டே?"

"ஆமாங் மாமா."

டிரம்மைப் பார்த்தார். டயர் குவியலைப் பார்த்தார். இடையில் இருந்த தூரத்தை ஒருமுறை கண்ணாலேயே நடந்துவிட்டு வந்தார்.

"குறி நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு பிரவீன் பக்கம் திரும்பி, "நீதான்டா பாத்துப் பொழைக்கணும்" என்றார். அந்த நிமிடம் கிளம்பிய சிரிப்பில் நிவேதாவின் அப்பா கைகளைப் பிரித்தார்.

கல்யாணம் தையில் நடந்தது. எங்களுக்கும் பத்திரிகை வந்தது. பிரஷரக்கா மணமக்களுக்கு ஒரு குக்கர் கொடுத்தார். மண்டபத்துச் சமையல் கட்டுக்குப் போய் அதில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, விசில் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்த பிறகே கொடுத்தார். அதனால் மேடையில் அவரிடமிருந்து மணமகள் வாங்கியது சுடச்சுட ஒரு பரிசு.

ஏழாம் நம்பரை அக்கா மறுநாளே பிரித்துக் கழுவினார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சீமைக் கிரீஸ் பூசினார். திருகைத் தளர்த்தினார். அதுமுதல் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை வேகம் பார்ப்பது தோப்பின் சட்டம் ஆனது. ஏழாம் நம்பரும் மற்ற மார்க்கர்களைப் போல ஒரே சீராகச் சுட்டது.

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பொங்கல் முடிவதற்குள் கதை மாறிவிட்டது. "வேற ஆராலயும் கண்டுபுடிக்க முடியாத கோளாறுங்க. நாந்தான் ஒரே நாள்ல கண்டுபுடிச்சேன்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கோளாறை உண்டாக்கியது யார் என்ற பகுதி மட்டும் கதையில் இல்லை. கார்த்தி என்னைப் பார்ப்பார். நான் முகக்கவசம் கழுவப் போய்விடுவேன்.

பிறகு எனக்கு வேறு வேலை கிடைத்தது. கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, அக்காவைத் தேடி மோட்டார் ரூமுக்குப் போனேன். கம்ப்ரசருக்குள் தலையை விட்டிருந்தார். கிளம்புகிறேன் என்றேன். தலையை வெளியே எடுக்கவில்லை. "செரி கண்ணு, பாத்துப் போங்க" என்றது குரல் மட்டும். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வடவள்ளி சிக்னலில் நிற்கும்போதுதான் கவனித்தேன். வாங்கிய நாளிலிருந்து கடகடத்துக்கொண்டிருந்த சைலன்சரில் சத்தமே இல்லை. எப்போதும் தலை தொங்கிக்கிடக்கும் பக்கவாட்டுக் கண்ணாடி நிமிர்ந்து நின்றது. பச்சை விழுந்தது. நேரே போனால் வீடு பக்கம்தான். நான் வண்டியைத் திருப்பி, மருதமலை அடிவாரம் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு, மெதுவாக வீட்டுக்குப் போனேன்.